நீர்மட்டம்

மதுரையிலிருந்து தேக்கடி போவது பெரிய விஷயமில்லை. ஆரப்பாளையத்தில் குமுளி பஸ் ஏறினால் உசிலம்பட்டி, ஆண்டிபட்டி, தேனி, கம்பம் வழியாக நாலைந்து மணி நேரத்தில் மலைமேல் இருக்கலாம். வருஷக் கணக்கு முடிந்ததும், ஏப்ரலில், போவதாக இருக்கிறேன். கோடையில் காட்டோடைகள் வற்றி யானைகள் ஏரிக்கரைக்கு வரும் என்கிறார்கள். இதுவரை திட்டம் சுலபம். எதைப் பார்க்கப் போகிறேன் என்பதில்தான் சிக்கல்.

நம் புதுக்கவிதையில் காடு நிறைய வருகிறது. பெரும்பாலும் அது மனத்தின் இருட்டு; அல்லது நகரம் கெடுப்பதற்கு முந்தைய தூய்மை. இரண்டு காடுகளிலும் மரங்களுக்குப் பெயர் கிடையாது. எழுதுகிறவன் அங்கே போகவேண்டிய அவசியமும் இல்லை.

மதுரைக்காரனுக்குக் காட்டோடு வேறொரு சம்பந்தம் உண்டு. காலையில் தினசரியைப் பிரித்தால் பெரியாறு அணை இத்தனை அடி, வைகை அணை இத்தனை அடி என்று ஒரு மூலையில் போட்டிருக்கும். கவிதை பக்கமே போகாதவர்களும் கவனமாகப் படிக்கிற வரி அது. மேலூர்ப் பக்கம் நாற்றுப் பாவலாமா, பொறுக்கலாமா என்பது அந்த எண்ணில் இருக்கிறது.

ஏனென்றால் தேக்கடி ஏரி தானாக உண்டானதல்ல. அரபிக் கடலுக்குப் போய்க்கொண்டிருந்த பெரியாற்றை, பென்னிகுயிக் 1895இல் கட்டி முடித்த அணையால் மறித்து, மலையைக் குடைந்து, கிழக்கே வைகைக்குத் திருப்பியதில் தேங்கிய நீர். திருவிதாங்கூரோடு 1886இல் எழுதிய குத்தகை 999 வருஷத்துக்கு. 8,000 ஏக்கர், ஏக்கருக்கு வருஷம் 5 ரூபாய். 1970இல் அது 30 ரூபாய் ஆயிற்று. இதெல்லாம் லெட்ஜர் சமாச்சாரம். ஆனால் காடு காப்பாற்றப்பட்ட கதை இதற்குப் பின்னால்தான் வருகிறது. 1899இல் ஏரியைச் சுற்றிய வனம் காப்புக்காடு ஆனது. பிறகு 1934இல் சரணாலயம், 1978இல் புலிகள் காப்பகம். அதன் உட்பகுதி 1982இல் தேசியப் பூங்கா.

ஏரிக்குள் இன்றும் நிற்கிற பட்ட மரங்கள் அன்றைக்கு மூழ்கிய காட்டின் மிச்சம். படகில் போகிறவர்கள் அழகு என்கிறார்கள். அழகுதான், நீர்க்காகங்கள் அவற்றில் கூடு கட்டுகின்றன. ஆனால் அந்த மரங்கள் செத்தது எங்கள் பக்கத்து நெல்லுக்காக. இது தெரிந்தபின் தூய இயற்கை என்ற ஒன்றைத் தேடி அங்கே போக முடியாது. செயற்கை என்று ஒதுக்கிவிட்டு வீட்டில் இருக்கவும் முடியாது. யானைக்கு அந்த நீரில் பேதம் தெரியாது.

பார்ப்பதற்கு இரண்டு வழிகள். படகு ஒன்று. டிக்கெட் வாங்கி உட்கார்ந்தால் காடு இரு கரையிலும் தன்னைக் காட்டிக்கொண்டு போகும். மற்றது வழிகாட்டியோடு நடப்பது. வழிகாட்டிகளில் சிலர் ஒரு காலத்தில் திருட்டுத்தனமாக வயணாப்பட்டை உரித்து விற்றவர்கள். 1990களின் பிற்பகுதியில் வனத்துறை அவர்களைக் குழுவாக்கிக் காவலுக்கும் வழிகாட்டவும் வைத்துக்கொண்டது. காட்டிலிருந்து எடுத்தவர்களோடு காட்டுக்குள் போவது எனக்குப் பொருத்தமாகப் படுகிறது. நானும் எடுக்கிறவன்தான், வீட்டுக் குழாய் வழியாக. அவர்களாவது மரத்தைப் பார்த்து எடுத்தார்கள்.

ஆகவே நடப்பது என்று முடிவு. திரும்புவது பகல் பஸ்ஸில். லோயர் கேம்ப் மின்நிலையத்துக்கு மலைச்சரிவில் இறங்கும் ராட்சதக் குழாய்களையும், பிறகு கம்பம் பள்ளத்தாக்கில் அந்த நீர் ஆறாகி ஓடுவதையும் வெளிச்சத்தில் பார்க்கவேண்டும்.

யானை கண்ணில் படாமலே போகலாம். பட்டாலும் அதை வைத்துக் கவிதை செய்கிற உத்தேசம் இல்லை. ஆனால் இனிமேல் ஒரு கவிதையில் ‘காடு’ என்று வந்தால், என்ன மரம், யாருடைய தண்ணீர் என்று கேட்காமல் அடுத்த வரிக்குப் போகமாட்டேன்.