அறியாத மொழியில் ஓர் எச்சரிக்கை

ஜான் கார்ப்பென்டர் இயக்கி 1982-இல் வெளிவந்த ‘தி திங்’ என்னும் ஆங்கிலப் படத்தை மும்முறை கண்டேன். அண்டார்க்டிகா பனிவெளியில் ஒரு நாயைக் கொல்ல நார்வே நாட்டார் இருவர் ஹெலிகாப்டரில் துரத்தி வருகின்றனர். ஒருவர் தம் மொழியில் கூவி எச்சரிக்கிறார். அமெரிக்க முகாமில் அம்மொழி அறிந்தார் எவருமிலர். அவர் சுட்டதில் ஓர் அமெரிக்கர் காயமுறவே, அவரைச் சுட்டு வீழ்த்திவிட்டு நாயை ஏற்றுக்கொள்கின்றனர்.

அது நாயன்று, நாயின் உருவெடுத்த வேறொன்று என்பதே அவர் கூற்றின் கருத்து. இதனை அறிந்து மறுமுறை காணுங்கால், அந்நாய் ஓசையின்றி நடைவழியில் உலவும் காட்சியே பின்வரும் கோர உருவங்களினும் நெஞ்சை நடுக்குகிறது. படத்தின் நிதானமான நடைக்குப் பொருள் அப்போதுதான் விளங்கும்.

மொழி கற்பிப்பதைத் தொழிலாகக் கொண்ட எனக்கோ அச்சத்தினும் துயரமே மிகுகிறது. உண்மை தொடக்கத்திலேயே உரக்கச் சொல்லப்பட்டுவிட்டது. கேட்டவர்க்குத்தான் மொழி இல்லை.