மலையில்லா நாட்டில் ஒரு மேடு

மாணாக்கருக்குப் பாடம் சொல்வது ஆசிரியர் கடமை. மாணாக்கனிடமே ஆசிரியர் பாடம் கேட்க நேரும் நாளும் உண்டு. அத்தகைய நாளொன்று சென்ற ஆண்டு எமக்கு வாய்த்தது.

எமது கல்லூரியில் உயர்தர வகுப்பிற் பயிலும் மாணவன் ஒருவன் 100 மீற்றரை 12 செக்கனில் ஓடுவான். தந்தையை இழந்தவன். தாயார் தையல் வேலை செய்து அவனை வளர்க்கிறார். ஒருநாள் மாலை தயங்கித் தயங்கி எம்மிடம் வந்தான்.

“சேர், பட்டணத்து ஜிம்மில் ட்ரெட்மில் இருக்கிறது. வெளிநாட்டு வீரர்கள் அதில் அதிவேகமாக ஓடிப் பழகுவதைப் படத்தில் பார்த்தேன். அம்மா தோட்டை அடகு வைத்துக் காசு தாறன் என்கிறா.”

எமக்குச் சினம் மூண்டது. “தம்பி, 1818 இல் வில்லியம் கியூபிற் என்னும் ஆங்கிலப் பொறியியலாளர் சிறைக் கைதிகளை மிதிக்க வைக்கச் சக்கரம் ஒன்று அமைத்தார். அதன் பெயரைத்தான் இந்தப் பொறியும் தாங்கி நிற்கிறது. மைதானம் இருக்கக் கைதியின் பொறி உனக்கேன்?” என்றோம். அவன் தலைகுனிந்து சென்றான். மூன்று நாள் பயிற்சிக்கு வரவில்லை.

அவ்விரவுகளில் எம் மனம் எம்மையே விசாரித்தது. பதினைந்து வயதில் நாமும் ஓட்டக்காரரே. 1995 ஒக்டோபர் இறுதியில் வலிகாமத்து மக்கள் தென்மராட்சிக்குப் பெயர்ந்தபோது, எம் ஓட்டம் அந்த நெடுவீதியிலேயே நின்றுவிட்டது. எமக்குக் கிட்டாதது இவனுக்குக் கிட்டுவதா என்ற பொறாமைதான் அறிவுரை வேடம் பூண்டு வந்ததோ?

விடை காண நூல்களை நாடினோம். ஹார்வட் பல்கலைக்கழகத்திற் பீற்றர் வேயண்டும் துணைவரும் 2000 ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வொன்று எம் கண்ணைத் திறந்தது. மிதிக்கும் விசையை அளக்கும் ட்ரெட்மில்லிலேயே அவர்கள் பலரை ஓடவிட்டுப் பார்த்தனர். உச்ச வேகத்திற் காலை முன்னே வீச எடுக்கும் நேரம் விரைந்தோடுவோருக்கும் மெல்ல ஓடுவோருக்கும் ஏறக்குறைய ஒன்றே. விரைந்தோடுவோர் நிலத்தை அதிக விசையுடன் உதைத்தனர். அங்கேதான் வேறுபாடு. யாழ். மத்திய கல்லூரி தந்த நாகலிங்கம் எதிர்வீரசிங்கம் 1958 இல் டோக்கியோவில் 2.03 மீற்றர் உயரந் தாண்டி, ஆசிய விளையாட்டு விழாவில் இலங்கையின் முதலாவது தங்கத்தை ஈட்டியதும் நிலத்தை உதைத்தே அன்றோ?

பின்னர் கணக்கொன்று போட்டோம். 12 செக்கனில் 100 மீற்றர் என்றால் மணிக்குச் சராசரி 30 கிலோமீற்றர். சாதாரண ஜிம் பொறிகள் பெரும்பாலும் 20 கிலோமீற்றர் அளவில் நின்றுவிடும். சமதளத்தில் அது அவனுக்கு மெல்லோட்டமே. பொறியைச் சாய்த்தாலோ நிலைமை வேறு. மேட்டில் ஓடுபவன் அடிதோறும் உடலை மேலே தூக்க வேண்டும்; குறைந்த வேகத்திலும் தொடையும் இடுப்பும் கடிதுழைக்கும்; பாதம் விழும் அதிர்வும் குறையும். யாழ்ப்பாணத்தில் மலை ஏது? மணற்காட்டுக் குன்றுகளில் ஏறினால் மணல் உதைப்பை விழுங்கிவிடும். மலையில்லா நாட்டுக்கு அப்பொறி ஒரு மேட்டைக் கொண்டுவந்து தருகிறது. பையன் கேட்டது வீண் ஆசையன்று.

ஆயினும் எச்சரிக்கை வேண்டும். அதிவேகப் பொறியில் ஓடும் வீரரை மேலிருந்து வார் தாங்கும். பயிற்றுநர் அருகில் நிற்பார். ஓட்டம் சில செக்கன்கள், ஓய்வு நிமிடக் கணக்கு. தனியே ஓடி இடறினால் நாடா ஆளைத் தூக்கி எறிந்துவிடும். புறப்படும் பாய்ச்சலையும் வளைவையும் எதிர்காற்றையும் கற்பிக்க மைதானமே வேண்டும்.

நான்காம் நாள் அவன் வீட்டுக்குச் சென்றோம். “தம்பி, அன்று சொன்னதிற் பாதி பிழை. நாளைக்கு வா, ஜிம்முக்குப் போவம்” என்றோம். தோடு காதிலேயே இருக்கட்டும் என்று தாயாரிடம் சொல்லிக் கட்டணத்தை நாமே ஏற்றோம். “சேர் பக்கத்தில் நின்றால் எனக்குப் பயமில்லை” என்றார் அவர்.

இப்போது வாரத்தில் இரண்டு காலைகள் பொறியின் மேடு. ஏனைய நாள்களில் மைதானம். பதக்கம் எதுவும் அவன் இன்னும் பெறவில்லை. ஓட்ட நேரம் சிறிதே குறைந்திருக்கிறது. அது பொறியாலா, வளரும் வயதாலா என்று நாம் வழக்காட மாட்டோம். அவன் மேடேறி ஓடும்போது, பொறியை நிறுத்தும் பொத்தானருகே எம் கை காத்திருக்கிறது. பிள்ளைகள் புதியதொன்றைக் கேட்கும்போது பெரியோர் நிற்கவேண்டிய இடம் அதுவே என்று இப்போது தோன்றுகிறது.