இலவசம் யாருக்கு?

காஸ் சிலிண்டரில் வீட்டுக்கு 14.2 கிலோ, ஓட்டலுக்கு 19 கிலோ என்று இரண்டு உண்டு. அடுப்பில் எரிவதைப் பார்த்தால் வித்தியாசம் தெரியாது. ஆனாலும் வீட்டு சிலிண்டரை டீக்கடையில் வைத்தால் வந்து தூக்கிக்கொண்டு போய்விடுவார்கள். கரண்டும் அப்படித்தான், வீட்டு இணைப்பில் கடை நடத்த முடியாது. இதையெல்லாம் ஒப்புக்கொள்கிற நமக்கு, கம்ப்யூட்டர் என்றால் மட்டும் கணக்கு மாறிவிடுகிறது. நெட்டில் சும்மா கிடைத்தால் அது எல்லோருக்கும் எல்லாவற்றுக்கும் என்று நினைத்துக்கொள்கிறோம்.

என் அக்கா பையன் ஜிஎஸ்டி கணக்கு பார்க்கிறான். பத்துப் பன்னிரண்டு கடைகள். தன் அறையில் இருந்தபடியே கடைக்காரர் கம்ப்யூட்டருக்குள் போய் வேலை செய்ய ஒரு மென்பொருள் வைத்திருந்தான். சொந்த உபயோகத்துக்கு மட்டும் இலவசம். ஒரு மாதம் 20-ஆம் தேதி நெருங்கும்போது, ‘வியாபாரத்துக்குப் பயன்படுத்துவதாகத் தெரிகிறது’ என்று அது சொல்ல ஆரம்பித்தது. இணைத்த சில நிமிடங்களில் தானே துண்டித்துக்கொண்டது. தாமதமானால் அபராதம் கடைக்காரருக்கு.

"மாமா, உங்க பேர்ல ஒரு ஐடி போட்டுக் குடுங்க. நீங்க ரிட்டயர் ஆனவர், உங்களை யார் சந்தேகப்படப் போறாங்க?" என்றான்.

முடியாது என்றேன். முப்பத்துநாலு வருஷம் வங்கியில் அடுத்தவர் வேலைக்கு என் கையெழுத்தைப் போட்டதில்லை. அன்று இரவே அக்கா போன் செய்தாள். "பிள்ளைக்கு இந்த உதவிகூடச் செய்யக் கூடாதா?" அதன் பிறகு இரண்டு வாரம் பேச்சில்லை.

"நான் என்ன பெரிய கம்பெனியா?" என்பது அவன் வாதம். அதில் நியாயமே இல்லை என்று சொல்லமாட்டேன். டாக்கர் டெஸ்க்டாப் என்ற மென்பொருளை 250 பேருக்குக் குறைவான, ஆண்டு வருமானம் ஒரு கோடி டாலருக்குக் குறைவான நிறுவனங்கள் இலவசமாகவே பயன்படுத்தலாம். ஆனால் எல்லோரும் ஆளின் அளவைப் பார்ப்பதில்லை. பலர் ஒன்றைத்தான் கேட்கிறார்கள்: இதை வைத்துச் சம்பாதிக்கிறாயா? ஒவ்வொன்றுக்கும் ஒவ்வொரு நிபந்தனை. ‘ஒப்புக்கொள்கிறேன்’ என்பதை அழுத்துமுன் அந்தப் பொடி எழுத்தைப் படித்தே ஆகவேண்டும். வின்ரார் 40 நாள் தவணை முடிந்த பிறகும் திறக்கத்தான் செய்கிறது. கதவு திறந்திருக்கிறது என்பதால் வீடு நமதாகிவிடுமா?

இதற்கு நேர்மாறான வகையும் உண்டு. ரிச்சர்ட் ஸ்டால்மன் 1985-இல் தொடங்கிய அமைப்பு, மென்பொருளுக்கு நான்கு சுதந்திரங்கள் சொல்கிறது. எண்ணுவதையே பூஜ்யத்திலிருந்து ஆரம்பிக்கிறார்கள்! எந்த நோக்கத்துக்கும் இயக்கலாம் என்பதுதான் அந்தப் பூஜ்யம். வியாபாரமும் அதில் அடக்கம். லிப்ரே ஆபீஸ் அப்படித்தான், கடையில் வைத்து பில் அடிக்கலாம், யாரும் கேட்கமாட்டார்கள். நோட்டோ தமிழ் எழுத்துருவில் கல்யாணப் பத்திரிகை அச்சடித்துக் காசு வாங்கலாம், எழுத்துருவைத் தனியாக விற்கத்தான் கூடாது. ஆங்கிலத்தில் ‘ஃப்ரீ’ என்ற ஒரே சொல் இரண்டுக்கும் நிற்பதால் குழப்பம். நமக்கு இலவசம் வேறு, சுதந்திரம் வேறு என்று தனித்தனியே சொல் இருக்கிறது. இருந்தும் குழம்புகிறோம்.

பையன் கடிதம், அட்டவணைக்கெல்லாம் லிப்ரே ஆபீசுக்கு மாறினான். கடைக் கம்ப்யூட்டருக்குள் போகும் மென்பொருளுக்கு முறைப்படி வருஷ உரிமம் வாங்கினான். கடைக்கு மாதம் ஐம்பது ரூபாய் கூட்டிக் கேட்டானாம், ஒருவர்தான் முணுமுணுத்தார். போன வாரம் போன் செய்து, "மாமா, இதை எந்தத் தலைப்பில் எழுதறது?" என்று கேட்டான். மென்பொருள் சந்தா, வியாபாரச் செலவு என்று சொன்னேன். அக்கா பக்கத்தில்தான் இருந்தாள் போலிருக்கிறது, போனை வாங்கி, "சாப்பிட்டாயா?" என்றாள்.