பழைய துப்பாக்கிக்கு விலை

வாஷித் தமிழர்களிடையே பழைய நகைக்கு விலை மதிக்கத் தெரிந்தவர்கள் உண்டு. பழைய வீட்டுக்கும் பழைய காருக்கும் விலை சொல்பவர்கள் தெருவுக்கு நால்வர் உண்டு. பழைய கைத்துப்பாக்கி ஒன்றுக்கு விலை மதிக்குமாறு ஒருவர் நம் வீட்டுப் படியேறி வருவார் என்று மட்டும் நாம் கனவிலும் எண்ணியதில்லை. 2024-ஆம் ஆண்டு ஆடி மாதத்து அடைமழையில் அதுவும் நேர்ந்தது.

வந்தவர் நம் நண்பர், செங்கோட்டைப் பக்கத்துக்காரர். தென் மும்பையின் மொத்த வியாபாரச் சந்தைகள் 1980, 90-களில் வாஷிக்குப் பெயர்ந்தபோது, தம் தந்தையாரோடு மளிகை வியாபாரத்தையும் இங்கே பெயர்த்துக்கொண்டு வந்தவர். இரவில் பணப்பையோடு வீடு திரும்புகிறவர் என்று காரணம் காட்டி, மாதக்கணக்கில் நடந்து, போலீஸ் கமிஷனர் அலுவலகத்தில் கைத்துப்பாக்கி லைசென்ஸ் ஒன்று பெற்றிருந்தார்.

"அண்ணாச்சி, ஆயுசு பூரா இரும்பை அளந்தவங்க நீங்க. ஒரு பிஸ்டல் கைக்கு வருது. அறுபதாயிரம் கேக்காங்க. பெறுமா, பெறாதா? அதை மட்டும் பார்த்துச் சொல்லிருங்க."

தாணே–பேலாப்பூர் சாலையில் ஓர் ஆலையின் கருவிக்கூடத்தில் முப்பது ஆண்டுகள் எஃகைக் கடைந்தும் தேய்த்தும் அளந்தும் நாம் காலம் கழித்தது உண்மை. எஃகு நமக்குத் தெரியும், துப்பாக்கி தெரியாது. அதைச் சொன்னோம். அவர் விடவில்லை. விற்பவர் யார் என்று கேட்டோம். கேட்டதும் நமக்குச் சற்றுத் துணுக்கென்றது.

நம் சங்கத்துப் பொங்கல் விழாவில் ஆண்டுதோறும் முன்வரிசையில் அமரும் ஓர் அம்மையார் அவர். கணவர் இராணுவ அதிகாரியாக இருந்து ஓய்வு பெற்றவர். முந்தைய ஆண்டுதான் காலமானார். லைசென்ஸ் என்பது வீடு வாசல் போல் மனைவி மக்களுக்குத் தானாக இறங்கும் சொத்து அன்று. உரியவர் மறைந்தால், ஆயுதத்தைக் காலந்தாழ்த்தாமல் காவல் நிலையத்திலோ லைசென்ஸ் பெற்ற ஆயுத வியாபாரியிடமோ ஒப்படைத்துவிட வேண்டும் என்கிறது 1959-ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டம். ஒப்படைத்ததைக் குறித்த கெடுவுக்குள் விற்கவோ வேறு வகை செய்யவோ தவறினால், அரசாங்கம் அதைப் பறிமுதல் செய்துகொள்ளலாம். அம்மையார் தென் மும்பையில் ஒரு கடையில் ஒப்படைத்திருந்தார். பாதுகாப்புக் கட்டணம் மாதந்தோறும் ஏறிக்கொண்டிருந்தது. மகன் கானடாவில். கடைக்காரர் முப்பத்தைந்தாயிரம் தருவதாகச் சொன்னாராம். அம்மையார் துணிந்து அறுபது என்று ஒரு தொகையைச் சொல்லிவிட்டார். அந்த அறுபதைத்தான் நண்பர் சுமந்துகொண்டு நம்மிடம் வந்திருந்தார்.

சென்று பார்த்தோம். கடைக்காரர் வயது முதிர்ந்தவர், பண்பானவர். பெட்டியிலிருந்து எடுத்ததும் முதற்காரியமாகக் கைப்பிடிக்குள் இருந்த தோட்டாக் கூட்டை உருவினார். மேற்பகுதியைப் பின்னே இழுத்து உள்ளே வெறுமை என்பதை எங்கள் மூவர் கண்ணுக்கும் காட்டினார். பிறகே நம் கையில் கொடுத்தார். இங்கிலாந்தில் பர்மிங்ஹாம் நகரத்து வெப்லி அண்டு ஸ்காட் கம்பெனியார் செய்த 'முப்பத்திரண்டு போர்' பிஸ்டல் அது. ('போர்' என்பது குழலின் துளை, யுத்தம் அன்று.) எட்டுத் தோட்டா கொள்ளும். விசையை ஒருமுறை இழுத்தால் ஒரு குண்டு செல்லும். அந்த வெடியின் உதைப்பே வெற்றுக் குப்பியை வெளியே தள்ளி அடுத்த தோட்டாவை உள்ளே ஏற்றிவிடும். மறுபடி விசையை இழுத்தால்தான் அடுத்த குண்டு. ஆதலால் இதைப் பாதித் தானியங்கி என்பர். முழுவதும் எஃகு. 1911-இல் லண்டன் போலீசார் ஏற்றுக்கொண்ட வகை; 1940-ஐ ஒட்டி இதன் உற்பத்தி நின்றுபோயிற்று. நீலகிரியை விட்டுப் புறப்பட்ட தோட்டத்துரை ஒருவரிடமிருந்து நானூறு ரூபாய்க்குத் தம் கணவர் வாங்கியதாக அம்மையார் கூறியிருந்தார்.

உருப்பெருக்கிக் கண்ணாடியை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தோம். பார்வைக்குக் கருநீலமாகப் பளபளத்தது. அந்தப் பளபளப்பே நமக்கு ஐயத்தை உண்டாக்கிற்று. எண்பது ஆண்டு கடந்த எஃகு, அதுவும் மும்பைக் கடற்காற்றில் கிடந்தது, அப்படி மின்னலாகாது. எழுத்துகளின் விளிம்பைக் கவனித்தோம். புதிதாக வெட்டிய எழுத்துக்குக் கூர்மை இருக்கும். இவையோ கரைந்த சோப்புக் கட்டியின் எழுத்துப் போல் மழுங்கியிருந்தன. எப்போதோ ஒரு காலத்தில் துருவைத் தேய்த்து எடுத்துவிட்டு மறுபடி நீலம் ஏற்றியிருக்கிறார்கள். கைப்பிடித் தகடுகளைக் கழற்றச் சொன்னோம். அடியில் அம்மைத் தழும்பு போல் துருப்பள்ளங்கள். தோலுறையிலேயே வைத்திருந்ததன் பயன் அது. தோல் ஈரத்தை உறிஞ்சி வைத்துக்கொள்ளும்; பதனிட்ட சரக்கும் அதில் இருக்கும்; இரண்டும் சேர்ந்தால் எஃகுக்குப் பகை. கத்தியையோ கருவியையோ தோலுறையில் பூட்டிவைக்கும் அன்பர்கள் இதைக் கவனிப்பார்களாக.

வலப்பக்கத் தகட்டின் கீழே கவட்டை வடிவில் ஒரு வில் இருந்தது. பிற கம்பெனிகளின் பிஸ்டல்களில் பெரும்பாலும் சுருள்வில் இருக்கும் வேலையை, இதில் இந்தத் தட்டைவில் செய்கிறது. அது முறிந்தால் மாற்று வில்லுக்கு எங்கே போவது? இங்கே ஒரு கைவினைஞன் அடித்துக் கொடுத்தால்தான் உண்டு. நல்லவேளை, முறியவில்லை. மேற்பகுதியிலும் உடற்பகுதியிலும் எண்கள் ஒத்திருந்தன. லைசென்ஸ் நகலில் உள்ள எண்ணும் அதுவே. குழலை விளக்குக்கு நேராகப் பிடித்து நோக்கினோம். உட்புறத்துப் புரிகள் தெளிவாகத் தெரிந்தன. வாய்ப்புறத்தில் மட்டும் சிறு சொரசொரப்பு.

எஃகை வைத்து விலை சொல்வதானால், நாம் முப்பத்தைந்தாயிரத்துக்கும் தயங்கியிருப்போம். அமெரிக்காவில் இத்தகைய பழைய வெப்லி சில நூறு டாலருக்கு ஏலம் போகிறது. ஆனால் கடைக்காரர் சிரித்தார். "சேட், நீங்கள் இரும்பைப் பார்க்கிறீர்கள். வாங்குகிறவன் அதில் எழுதியிருக்கும் ஊரைப் பார்க்கிறான்" என்றார். அவர் விளக்கியதும் நாம் பின்னர் படித்தறிந்ததும் ஒத்தே இருந்தன. 1980-களின் நடுவில் அரசாங்கம் அயல்நாட்டுத் துப்பாக்கிகளை வியாபாரத்துக்காக இறக்குமதி செய்வதை நிறுத்திவிட்டது. அன்றுவரை வந்தவை வந்தவைதாம். 9 மில்லிமீட்டர் தோட்டா தடைசெய்யப்பட்ட வகை, சாமானியருக்குக் கிடைக்காது. ஆகவே பணம் உள்ளவர் ஆசையெல்லாம் இந்த முப்பத்திரண்டின் மேலேயே வந்து விழுகிறது. இங்கேயே செய்த புதியவற்றின் விலையைப் பார்த்தாலும் இது விளங்கும். கான்பூரில் அரசாங்க ஆலை 2014-இல் பெண்களுக்கென்று வெளியிட்ட 'நிர்பீக்' என்னும் ரிவால்வரின் விலை அப்போது ரூ. 1,22,360. 2020-இல் அதே வெப்லி பெயரில் உத்தரப் பிரதேசத்து ஹர்தோய் ஜில்லாவில் செய்யத் தொடங்கிய ரிவால்வர் அப்போது ஏறத்தாழ 1,60,000. அவை புதியவை, உதிரி கிடைப்பவை. ஆனாலும் "மேட் இன் இங்கிலாண்ட்" என்ற மூன்று சொற்களுக்காகப் பழசுக்கு அவற்றினும் மிகுதியாகக் கொடுப்பவர் உண்டு என்றார் கடைக்காரர். அப்படியானால் முப்பத்தைந்து சொன்னது ஏன் என்று கேட்கவில்லை. வாங்கி வைத்துக் காத்திருப்பவனுக்கு அவன் கணக்கு. கேட்டிருந்தால் அதையே சொல்லியிருப்பார்.

திரும்பும் வழியில் ரயிலில் நண்பர் ஒரே உற்சாகம். "அறுபதுக்கு முடிச்சிரலாம் போலிருக்கே அண்ணாச்சி!" மழைநீர் வடியும் சன்னலுக்கு வெளியே மான்குர்து கடந்து, கழிமுகத்தின் மேல் வண்டி ஏறிற்று. நாம் ஒரு கேள்வி கேட்டோம்: "தம்பி, இது உமக்கு எதற்கு?"

பணப்பை என்றார். பணப்பை எங்கே இருக்கிறது? இப்போதெல்லாம் சந்தையில் கொத்தமல்லி மூட்டைக்குக்கூடக் கைப்பேசியில்தானே பணம் வருகிறது? சற்று நேரம் பேசாதிருந்தார். பிறகு நாணத்தோடு சொன்னார். சிறுவயதில் அவர் பாட்டனார் வாஞ்சிநாதன் கதை சொல்வாராம். 1911 ஜூன் 17-ஆம் நாள் மணியாச்சி ரயில் சந்திப்பில் கலெக்டர் ஆஷைச் சுட்ட செங்கோட்டை வாலிபர் கையில் இருந்தது பிரௌனிங் பிஸ்டல். அன்றிலிருந்து அப்படி ஒன்றைக் கையில் வைத்துப் பார்க்கும் ஆசை. இது வெப்லி, அது வேறு ஜாதி என்றோம். "அந்தக் காலத்துச் சரக்குதானே!" என்றார்.

காவலுக்காக வாங்குபவர் என்றால், இந்தத் தேய்ந்த துப்பாக்கி அறுபதுக்கு மேல் பெறாது; உதிரிப்பாகம் இல்லாத ஒன்றை நம்பி உயிரை வைப்பது எப்படி? ஆனால் நண்பர் வாங்குவது பெயரை, பழமையை, பாட்டனாரின் கதையை. அவற்றின் சந்தை விலை அறுபது அன்று. அது நமக்குத் தெரிந்துவிட்டது, அவருக்கும் தெரிந்துவிட்டது. தெரியாதவர் அந்த அம்மையார் ஒருவரே.

நம்மை அழைத்துச் சென்றவர் நண்பர். நம் கண்ணை அவருக்கு இரவல் கொடுத்துவிட்டு, கண்டதை எதிர்த்தரப்பில் போய்ச் சொல்வது முறையா என்று அன்றிரவு நமக்கு உறக்கம் கொள்ளவில்லை. சொல்லாதிருந்தால் வரும் பொங்கலுக்கு அந்த முன்வரிசையை எப்படிக் கடந்து செல்வது? மறுநாள் நண்பரிடமே முதலில் சொன்னோம்: "நாம் அந்த அம்மாவிடம் உண்மையைச் சொல்லப் போகிறோம். மறு நீலம், துருப்பள்ளம், குழல் வாய், வில், எல்லாவற்றையும் சொல்வோம். ஊர்ப் பெயருக்கு உள்ள விலையையும் சொல்வோம்." அவர் முகம் கறுத்தது. "உங்களைக் கூட்டிட்டுப் போனது என் தப்பு அண்ணாச்சி" என்று சொல்லிப் போனவர் பத்து நாள் நம் பக்கம் வரவில்லை. கடைக்கு ஆள் அனுப்பி மிளகாய் வாங்கினோம். விலையில் சலுகை இல்லை.

அம்மையாரிடம் சொன்னபோது அவர் மகிழ்ந்ததாகவும் தெரியவில்லை. "அது வீட்டில் இருந்த முப்பது வருஷமும் எனக்கு நிம்மதி இல்லை தம்பி. யாரோ எடுத்துக்கொண்டு போனால் போதும். ஆனால் அவர் அதை வாராவாரம் எண்ணெய் போட்டுத் துடைப்பார், அறுபதுக்குக் கொடுத்தேன் என்றால் அவருக்குப் பொறுக்காது" என்றார். லட்சக்கணக்கில் கேட்கச் சொன்ன உறவினர் பேச்சையும் அவர் கேட்கவில்லை. புதியது ஒன்றின் விலைக்குச் சற்றுக் குறைவாக, ஒரு லட்சத்துப் பத்தாயிரம் என்றார். நமக்கு அது நியாயமாகவே பட்டது. குறைகளுக்குக் கழிவு, பெயருக்குக் கூட்டு, இரண்டும் அதில் அடங்கின.

பதினோராம் நாள் நண்பர் வந்தார். தொண்ணூற்றைந்து என்றார், பிறகு நூறு, பிறகு அம்மையார் ஒரு குவளைக் காப்பி கொடுத்துக் கணவரின் எண்ணெய்ப் புட்டியையும் துடைக்கும் துணியையும் எடுத்து முன்னே வைத்ததும், பேசாமல் நூற்றுப்பத்துக்கு ஒப்பினார். விற்பதற்கு முன் எழுத்தில் அறிவித்து 45 நாள் காத்திருக்க வேண்டும் என்பது சட்டம். அதற்கும் வாரிசுச் சான்றுக்கும் மனுக்களுக்குமாக நாள் கழிந்து, அக்டோபர் முதல் வாரத்தில் துப்பாக்கி நண்பர் கைக்கு வந்தது. தோலுறையை மட்டும் நாம் பிடிவாதமாக விலக்கச் செய்தோம்.

அக்டோபர் 15-ஆம் நாள் மகாராஷ்டிரச் சட்டமன்றத் தேர்தல் அறிவிப்பு வெளியாயிற்று. தேர்தல் முடியும்வரை ஆயுதத்தைக் காவல் நிலையத்தில் ஒப்படைக்குமாறு நண்பருக்குக் கடிதம் வந்தது. பாட்டனார் கதையை ஒருவார காலமே அலமாரியில் வைத்திருந்தவர், ரசீது வாங்கிக்கொண்டு திரும்பும்போது நேரே நம் வீட்டுக்கு வந்தார்.

"அண்ணாச்சி, ஸ்டேஷன்ல அதைத் துணியில சுத்தி வைப்பாங்களா, தோல்ல வைப்பாங்களா?" என்று கேட்டார்.