தூக்குக்குண்டு நூல் வளையுது சார்

அறுபதைத் தாண்டின கொத்தனார் ஒருத்தர். பிரஷர் மாத்திரைக்காக மாசாமாசம் எங்க ஓபிக்கு வருவார். ஒருநாள் சீட்டை வாங்கிட்டு நகராம நின்னார். "சார், தூக்குக்குண்டு நூலே வளைஞ்சு தெரியுது. நூல் எப்படி சார் வளையும்?"

வெளிய நீள வரிசை. "வயசாகுதுல்ல அண்ணே, கண்ணாடியை மாத்திப் பாருங்க"ன்னு அனுப்பிட்டேன்.

நாலு மாசம் கழிச்சு அதே புகார். கண்ணாடி மட்டும் புதுசு. "கூட வேலை செய்யற பையன் நூல் நேராத்தான் இருக்குங்கறான் சார். இப்பல்லாம் அவனைத்தான் பாக்கச் சொல்றேன்."

அன்னைக்குத்தான் ஒவ்வொரு கண்ணா மூடச் சொன்னேன். இடது கண்ணை மூடினதும் என் முகத்துக்கு நடுவுல கறை தெரியுதுன்னார். ரெண்டு கண்ணும் திறந்திருந்தா நல்ல கண்ணு மத்ததோட குறையை மறைச்சிடும். நூல் பாக்கறப்ப கொத்தனார் ஒரு கண்ணை மூடிக்குவார். அதனாலதான் அவருக்கே முதல்ல தெரிஞ்சிருக்கு.

பவர் கோளாறுன்னா பொதுவா பார்வை மங்கும். நேர்கோடு வளைஞ்சா விழித்திரையோட மையத்தைச் சந்தேகப்படணும். அவருக்கு அங்க ரத்தக்குழாய் கசிஞ்சு வீங்கியிருந்தது. கண்ணுக்குள்ள ஊசி போட்டா கசிவு அடங்கும். தழும்பான இடத்துல போன பார்வை திரும்பாது.

இதுக்குன்னே ஆம்ஸ்லர் கட்டம்னு ஒண்ணு இருக்கு. 10 செ.மீ. சதுரம், உள்ள 5 மி.மீ. கட்டங்கள், 30 செ.மீ. தள்ளிப் பிடிச்சுப் பாக்கணும். இதை வாட்ஸ்அப்ல ஃபார்வர்டு பண்றாங்க. போன் திரை அவ்வளவு அகலமே இல்ல, கட்டம் சுருங்கி அளவே மாறிடும். பிரிண்ட் எடுத்துப் பாருங்க. அதுலயும் ஒரு சிக்கல்: விட்டுப்போன கோட்டை மூளையே நிரப்பிக்கும்.

போனுக்குன்னே செஞ்ச செயலிகள் வேற ரகம். 2013-லயே அமெரிக்க எஃப்.டி.ஏ. அனுமதிச்ச மைவிஷன்ட்ராக்ல, சில வட்டங்கள் காட்டி எது கோணல்னு தொடச் சொல்லும். கோணல் குறைஞ்சுட்டே வரும். எவ்வளவு சின்னக் கோணல் வரைக்கும் கண்டுபிடிக்கிறீங்களோ அதுதான் மார்க். "வளையுது"ங்கற வார்த்தையை நான் தள்ளிவிட்டேன். போன வாரத்தைவிட மார்க் இவ்வளவு இறங்கிருக்குன்னு காட்டியிருந்தா தள்ளியிருப்பேனா, தெரியல.

செயலி நோயைக் கண்டுபிடிக்காது. விழித்திரை ஸ்கேனுக்கு எப்ப ஓடணும்னு சொல்லும், அவ்வளவுதான்.

ஊசி போட்டதுல வளைவு குறைஞ்சிருக்கு, நடுவுல கறை நின்னுடுச்சு. இடது கண்ணுக்கும் வரலாம்னு எச்சரிச்சிருக்கேன். அவர்கிட்ட இருக்கறது பட்டன் போன். வீட்டு நிலைவாசல்ல தூக்குக்குண்டைத் தொங்கவிட்டிருக்காராம். தினமும் காலையில வலது கண்ணைப் பொத்திக்கிட்டு நூலைப் பாக்கறார். வளைஞ்சா அன்னைக்கே வரணும்னு சொல்லியிருக்கேன், வரிசையில நிக்காம நேரா உள்ள.