குசினிக் கல்வி

பியரைப் பற்றியும் அதனுடன் கடித்துத் தின்னும் ஐரோப்பியச் சொசேஜைப் பற்றியும் எழுத உமக்கு என்ன தகுதி உண்டு என்று வாசகர்கள் வினவலாம். நியாயமான வினாவே. பதுளையில் ஆசிரியத் தொழில் புரியும் நான் மது அருந்தாதவன். பட்டம் பெற்ற நாள்முதல் மரக்கறி உணவையே உண்டு வருபவன். சம்பள நாளிரவில் லயங்களில் மதுவினால் நேரும் அலங்கோலத்தைச் சிறுவயதிலேயே கண்டு மனம் கசந்தவன். ஆயினும் சென்ற மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை எங்கள் வீட்டு விறாந்தையில் நடந்த பாடமொன்றை எழுதாமலிருக்க என்னால் இயலவில்லை. அந்தப் பாடத்தில் நான் ஆசிரியனல்லன், மாணவன்.

பண்டாரவளைக்கும் பதுளைக்கும் இடையேயுள்ள எல்ல என்னும் ஊரை நேயர்கள் அறிவார்கள். 1921 இல் கட்டி முடிக்கப்பெற்ற ஒன்பது வளைவுப் பாலத்தைக் காண வரும் வெளிநாட்டாரால் இன்று அவ்வூர் நிறைந்து கிடக்கிறது. என்னிடம் படித்த தோட்டத்துப் பையன் ஒருவன் அங்கே விடுதியொன்றின் சமையலறையில் வேலை செய்கிறான். பியருடன் வைத்துப் பரிமாறுவதற்கென்று கொழும்பிலிருந்து நான்குவகைச் சொசேஜை வரவழைத்த முதலாளி, அவற்றுள் நல்லவை இரண்டைத் தெரிந்து சொல்லும்படி அவனைப் பணித்திருந்தார். அவன் அவற்றைப் பனிக்கட்டிப் பெட்டியில் வைத்து எடுத்துக்கொண்டு நேரே என் வீட்டுக்கு வந்துவிட்டான்.

"சேர், தாத்தா துரை பங்களாவிலே குசினி வேலை பார்த்தவராமே? அவரைக் கேட்டா தெரியும்னு எங்க பாட்டி சொன்னாங்க" என்றான்.

அவன் கபடமின்றித்தான் கேட்டான். என் முகமோ சுருங்கிவிட்டது. "அப்பா தோட்டத்தில் வேலை செய்தார்" என்று சொல்லி நிறுத்திக்கொள்வதே இத்தனை காலமும் என் வழக்கம். பள்ளி நாட்களில் உடன்படித்த ஒருவன் என்னைத் "தட்டுக் கழுவி மகன்" என்று அழைத்தான். அச்சொல் தைத்த இடத்தை நான் பட்டத்தாலும் பதவியாலும் மூடி வைத்திருந்தேனேயன்றி, அது ஆறிவிடவில்லை.

என் தந்தையார் பதின்மூன்றாம் வயதில் அப்புத்தளைக்கு மேலேயுள்ள ஒரு தோட்டத்தில், பெரிய துரையின் பங்களாவிலே குசினிப் பையனாகச் சேர்ந்தவர். பின்னர் அங்கேயே அப்புவாக உயர்ந்தார். 1972, 1975 ஆம் ஆண்டுகளின் காணிச் சீர்திருத்தச் சட்டங்களால் தோட்டங்கள் அரசின் கைக்கு வந்தன. வெள்ளைத் துரைமார் தாய்நாடு திரும்பினர். அப்பா கவ்வாத்துக் கத்தியை எடுத்துக்கொண்டு மலைக்குப் போனார். குசினியிற் கற்றதெல்லாம் அத்துடன் முடிந்ததென்றே நான் எண்ணியிருந்தேன்.

இறைச்சியைத் தன் குசினிக்குள் கொண்டுவர என் மனைவி இசையவில்லை. ஆகவே விறாந்தை மேசையில் வாழையிலை விரித்து நான்கையும் வைத்தோம். எண்பது வயதைக் கடந்த அப்பா, மூக்குக் கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டார். "மாடு கலந்ததா, பாருங்க தம்பி" என்றார் முதலில். பொதிகளிலுள்ள எழுத்தைப் பையன் வாசித்தான். நான்கும் பன்றியிறைச்சியே.

பின்பு அவர் ஒவ்வொன்றையும் பெருவிரலால் அழுத்தினார். வெளியே கல்லாகவும் உள்ளே குழைவாகவும் இருந்தால் அவசரப்பட்டு உலர்த்தியது. முழுவதும் ஒரேசீராக இறுகியிருக்க வேண்டும் என்றார். தோலில் வெண்மாப் போலப் படிந்திருக்கும் பூசணம் நல்லது. பச்சையும் கறுப்பும் பிசுபிசுப்பும் ஆகா. வெட்டிய முகத்திற் கொழுப்பு வெள்ளையாயிருக்க வேண்டும். மஞ்சளித்திருந்தால் சிக்கு வாடை வரும். இவ்வாறு அவர் சொல்லச் சொல்ல, பையன் கொப்பியில் எழுதிக்கொண்டான்.

பெருத்து, இளஞ்சிவப்பாய், மெதுவாயிருந்த இத்தாலிய மோட்டடெல்லாவை முதலிலேயே ஒதுக்கினார். "இது அவிச்சது. பாணுக்கு நல்லா இருக்கும்" என்றார். மிளகாய்த்தூளாற் சிவந்த ஸ்பானியச் சொரிசோவை முகர்ந்து பார்த்து, "முட்டையோட பொரிச்சுக் கொடுங்க" என்றார். பெருஞ்சீரகம் இட்ட இத்தாலியப் பினொக்கியோனாவும், விரல்போல் மெலிந்து புகை மணம் வீசிய போலந்து நாட்டுக் கபானோஸும் எஞ்சின. "பியர் கசக்கும். கசப்புக்கு உப்பும் கொழுப்பும் வேணும். காரம் கூடினா நாக்கு எரியும், எரிஞ்சா ருசி பார்க்காம மடக்கு மடக்குன்னு குடிப்பாங்க" என்றார்.

"முதலாளிக்கு அதுதானே வேணும், தாத்தா" என்று பையன் சிரித்தான்.

"அப்படின்னா இது எதுக்கு? நம்ம லயத்திலே மாதிரி ஒரு சிட்டிகை உப்பைக் கொடுத்துட்டுப் போங்க" என்றார் அப்பா. நானும் பையனும் வாயடைத்துப் போனோம். உப்பை நக்கிக் கசிப்பைக் குடித்து அழிந்தவர்களை நாங்கள் மூவருமே அறிவோம்.

என் பங்குக்கு நான் நூலறிவைச் சிறிது சேர்த்தேன். சொசேஜ் செல்வர்களின் கண்டுபிடிப்பன்று. குளிர்காலத்திற்கு முன் அறுத்த பன்றியின் இறைச்சியைப் பல மாதங்கள் கெடாமற் காக்க ஐரோப்பியக் குடியானவன் கண்ட வழி அது. நம்மவர் ஆட்டிறைச்சியை உப்பிட்டு வெயிலில் உலர்த்தும் உப்புக்கண்டத்திற்கு அது உறவுமுறை. சலாமி என்ற பெயரே உப்பைக் குறிக்கும் இத்தாலியச் சொல்லிலிருந்து பிறந்தது. பாலைத் தயிராக்கும் நுண்ணுயிர்களின் இனத்தவை இறைச்சியையும் மெல்லப் புளிக்கச் செய்கின்றன. உலரும்போது ஏறத்தாழ மூன்றிலொரு பங்கு எடை குறைகிறது. பக்குவம் தவறினால் நஞ்சு. யுஸ்தினுஸ் கெர்னர் என்ற ஜெர்மானிய வைத்தியர் 1820 இல் சொசேஜ் நஞ்சைப் பற்றி எழுதினார்; பொட்டுலிசம் என்னும் நோய்ப் பெயரும் சொசேஜைக் குறிக்கும் இலத்தீன் சொல்லின் வழி வந்ததே. அந்நஞ்சைத் தடுக்க இக்காலத்தில் நைத்திரைற்று உப்புச் சேர்க்கிறார்கள். ஆனால் இதற்கு மறுபக்கமும் உண்டு. பதப்படுத்திய இறைச்சி புற்றுநோய்க்குக் காரணமாகும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் ஆராய்ச்சிப் பிரிவு 2015 இல் அறிவித்தது. நாள்தோறும் 50 கிராம் உண்போருக்குப் பெருங்குடற் புற்றுநோய் நேரும் வாய்ப்பு ஏறத்தாழ 18 சதவீதம் கூடுகிறதாம்.

"அதனால்தான் கொஞ்சமா வைக்கணும்" என்றார் அப்பா, நான் தமக்குச் சாட்சி சொல்ல வந்தவன்போல. "ஆளுக்கு ஆறு துண்டு. பெட்டியிலேயிருந்து எடுத்த உடனே கொடுக்காதீங்க. குளிர் விட்டாத்தான் மணம் வரும்."

பின்னர்க் கத்தியைக் கேட்டு வாங்கினார். நடுங்கும் அந்தக் கை கத்தியைத் தொட்டதும் நிலைத்தது. தோலை உரித்து, சாய்வாக, பின்னாலுள்ள இலையின் பச்சை தெரியுமளவுக்கு மெல்லியதாக அறுத்து அடுக்கினார். ஐம்பதாண்டுகளாகச் செய்யாத வேலை! பையன் முதல் துண்டை எடுத்து இரு கைகளாலும் அவரிடமே நீட்டினான்.

அப்பா தயங்கினார். "நான் இதைச் சாப்பிட்டதில்லையே" என்றார். நான் திடுக்கிட்டேன். ஏறத்தாழ இருபது ஆண்டுகள் அறுத்தவர் ஒரு துண்டும் உண்டதில்லையாம். "துரைசானி எண்ணி வைப்பாங்க. மிச்சம் இருந்தா நாய்க்கு" என்று வெகு இயல்பாகச் சொன்னார். தொட்டும் முகர்ந்தும் பார்த்தும், உண்டவர்களின் முகத்தைக் கவனித்தும் அவர் கற்ற கல்வி அது. நாவிற்கு மட்டும் அந்தப் பள்ளியில் இடமில்லை.

வாங்கி வாயிலிட்டு நெடுநேரம் மென்றார். நாங்கள் அவர் முகத்தையே பார்த்திருந்தோம்.

"உப்புக் கொஞ்சம் கூடத்தான்" என்றார். பிறகு, "ஆனா நான் சொன்னது சரி, பியருக்கு இதுதான்" என்று சேர்த்துக்கொண்டார்.

மறுநாள் வகுப்பிலே 'என் தந்தையின் தொழில்' என்னும் தலைப்பில் மாணவரைக் கட்டுரை எழுதப் பணித்தேன். வெறுங்கையாய் விழித்த சிலரது கண்களில், நான் நன்கறிந்த கூச்சம் தெரிந்தது. கரும்பலகைக்குத் திரும்பி மாதிரி வாக்கியம் ஒன்றை எழுதினேன்: "என் தந்தையார் துரை பங்களாவின் குசினியில் வேலை செய்தார், அங்கே அவர் கற்றவை பல." எழுதி முடித்துத் திரும்பியபோது எல்லாரும் குனிந்து எழுதத் தொடங்கியிருந்தார்கள்.