சும்மாடும் பெல்ட்டும்

பளு தூக்கும்போது இடுப்பில் பெல்ட் கட்ட வேண்டுமா? தமிழ் வகுப்பு முடிந்து வெளியே வரும் என்னிடம் மாணவிகள் இப்போதெல்லாம் கேட்கும் கேள்வி இது. நாற்பதைத் தாண்டிய தமிழாசிரியை ஒருத்தி வாரத்தில் மூன்று நாள் ஜிம்முக்குப் போவது பாகூர் மாதிரியான ஊரில் ரகசியமாக இருக்க முடியாது. கேட்பவர்கள் ஒரே கேள்வியைக் கேட்பதில்லை. "பெல்ட் போடலன்னா முதுகு போயிடுமா மிஸ்?" என்பாள் ஒருத்தி. "பெல்ட் போட்டா இடுப்பு சிறுத்துடுமாமே?" என்பாள் இன்னொருத்தி. மூன்றாமவள் மற்றவர்கள் போகும்வரை காத்திருந்து, குரலைத் தாழ்த்திக்கொண்டு, "வெயிட் தூக்கினா கர்ப்பப்பை இறங்கிடும்னு எங்க ஆயா சொல்றாங்க, நெசமா?" என்பாள். முதுகு, இடுப்பு, கருப்பை. நான்கு அங்குலத் தோல்பட்டை ஒன்றைச் சுற்றி இத்தனை பயம் இருக்கிறது. அதனால் இதை விளையாட்டுக் குறிப்பாக மட்டும் எழுத எனக்கு மனமில்லை.

முதலில் அந்தப் பட்டை என்ன செய்கிறது என்று பார்த்துவிடலாம். பெல்ட் நம் எடையைத் தூக்குவதில்லை. முதுகெலும்பை வெளியிலிருந்து முட்டுக்கொடுத்து நிறுத்துவதும் இல்லை. தூக்குவதற்கு முன் வயிறு நிறைய மூச்சை இழுத்துப் பிடித்து, வயிற்றுச் சுவரை நாலாபக்கமும் பெல்ட்டின்மேல் அழுத்த வேண்டும். அப்போது வயிற்றுக்குள் அழுத்தம் கூடுகிறது. காற்று நிரம்பிய பந்துபோல உடலின் நடுப்பகுதி விறைத்து, முதுகெலும்பு வளையாமல் நிற்க உதவுகிறது. வயிறு தள்ளுவதற்கு ஒரு சுவர் கிடைக்கிறது, அவ்வளவுதான். மூச்சைப் பிடிக்கத் தெரியாதவருக்குப் பெல்ட் வெறும் அரைஞாண்.

எங்கள் அம்மாக்களிடம் இதற்கு ஒரு முன்னோடி இருந்தது. இடுப்பில் துண்டை இறுக்கிச் சுற்றி, முந்தானையை வரிந்து செருகி, தலையில் சும்மாடு வைத்து அவர்கள் கட்டுச் சுமந்தார்கள். பாகூர் ஏரி புதுச்சேரிப் பகுதியின் இரண்டாவது பெரிய ஏரி. அதன் பாசனத்தில் விளையும் நெல்லால்தான் எங்கள் ஊரைப் புதுச்சேரியின் நெற்களஞ்சியம் என்கிறார்கள். அறுவடை இயந்திரம் வருவதற்கு முன் அந்த நெல்லெல்லாம் வயலிலிருந்து களத்துமேட்டுக்கு வந்தது தலைச்சுமையாகத்தான். ஈரம் காயாத கதிர்க்கட்டு, வழுக்கும் வரப்பு, வெறுங்கால். என் அம்மா முப்பது வருடம் அப்படிச் சுமந்தவர். நான் ஜிம்மில் சேர்ந்த விஷயம் தெரிந்ததும் அவர் சொன்னது இது: "இன்னாத்துக்குப் பாப்பா காசு குடுத்துப் பாரம் தூக்கற? எங்களுக்காவது தூக்கனா கூலி குடுத்தாங்க."

சிரித்துவிட்டு மறக்கக்கூடிய பேச்சில்லை அது. எங்கள் இரண்டு பேர் தூக்குவதும் எடைதான். வித்தியாசம், எடையை யார் முடிவு செய்கிறார்கள் என்பதில் இருக்கிறது. நான் தூக்கும் கம்பியில் எத்தனை கிலோ என்று நான் முடிவு செய்கிறேன். இன்று தூக்கம் சரியில்லை, மாதவிடாய் வலி இருக்கிறது என்றால் பத்துக் கிலோவைக் கழற்றிவிடுவேன். அம்மாவின் தலையிலிருந்த கட்டிலிருந்து ஒரு பிடி கதிரைக்கூட அவரால் கழற்ற முடிந்ததில்லை. எந்த நாளில் எத்தனை நடை என்பதைச் சொன்னவர்கள் வரப்பில் நின்றவர்கள்.

பெல்ட்டைப் பற்றி உலகில் நடந்த பெரிய ஆய்வுகளும் இந்த இடத்தில்தான் வந்து நிற்கின்றன. 1980களிலும் 90களிலும் அமெரிக்கக் கிடங்குகளிலும் கடைகளிலும் மூட்டை தூக்கும் தொழிலாளர்களுக்கு நிறுவனங்கள் இடுப்புப் பெல்ட்டுகளை வாங்கிக் கொடுத்தன. அந்நாட்டின் தொழில் பாதுகாப்பு ஆய்வு நிறுவனமான நியோஷ் 1994இல் ஓர் அறிக்கை வெளியிட்டது. காயம்படாத தொழிலாளரின் முதுகை இந்தப் பெல்ட் காப்பாற்றும் என்பதற்குப் போதிய ஆதாரம் இல்லை என்றது. பிறகு 160 கடைகளில் வேலை செய்த 9,000க்கும் மேற்பட்டவர்களை அந்நிறுவனம் பின்தொடர்ந்தது. 2000ஆம் ஆண்டின் இறுதியில் வெளியான அந்த ஆய்வின்படி, தினமும் பெல்ட் கட்டியவர்களுக்கும் கட்டாதவர்களுக்கும் முதுகுவலியில் சொல்லும்படியான வேறுபாடு இல்லை. பெல்ட் கொடுப்பது சுலபம். மூட்டையின் எடையைக் குறைப்பது, அலமாரியின் உயரத்தை மாற்றுவது, இன்னோர் ஆளை வேலைக்கு வைப்பது இதெல்லாம் செலவு. பெல்ட் கட்டிய பிறகும் முதுகு போனால் அது தொழிலாளியின் தவறாகிவிடும்.

என் அம்மாவுக்கும் ஒரு பெல்ட் கிடைத்தது. ஐம்பத்தைந்து வயதில் இடுப்புவலி என்று மருத்துவரிடம் போனபோது, தோல் நிறத்தில், உள்ளே பட்டைகள் வைத்துத் தைத்த ஒன்றை எழுதிக் கொடுத்தார்கள். என்ன வேலை செய்கிறீர்கள், எவ்வளவு தூக்குகிறீர்கள் என்று யாரும் கேட்கவில்லை. முதுகுக்கான பயிற்சி எதுவும் சொல்லித்தரவில்லை. நாள் முழுக்க அதைக் கட்டிக்கொண்டு வேலைக்குப் போனார். ஏப்ரல் வெயிலில் இடுப்பைச் சுற்றி வேர்க்குரு. நாள்பட்ட இடுப்புவலி பற்றி உலக சுகாதார நிறுவனம் 2023 டிசம்பரில் வெளியிட்ட வழிகாட்டுதலில், வழக்கமான சிகிச்சையாக இடுப்புப் பட்டைகளைப் பரிந்துரைக்க வேண்டாம் என்றே சொல்லியிருக்கிறது. உடற்பயிற்சியையும், வலியைப் பற்றி நோயாளிக்கு விளங்கச் சொல்வதையும் அது முன்வைக்கிறது. மருந்துக் கடையில் விற்கும் அந்த மென்பட்டையும் ஜிம்மில் கட்டும் தோல்பட்டையும் வேறு வேறு என்பதை மாணவிகள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். ஒன்று நாளெல்லாம் கிடப்பது. மற்றது ஒரு நிமிடம் இறுக்கி, தூக்கி, உடனே தளர்த்த வேண்டியது.

இனி இடை. தமிழ் படித்தவள் என்பதால் இதைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. நம் இலக்கியத்தில் பெண்ணின் இடை பார்க்கப்படுவதற்கு உரியது. கொடியாகவும் நூலாகவும் மின்னலாகவும் அது மெலிந்துகொண்டே போகும். மார்பின் பாரத்தைத் தாங்காமல் ஒடிந்துவிடுமோ என்று கவிஞர்கள் கவலைப்படுவார்கள். அதைச் சுற்றி மேகலை கட்டுவார்கள், நம் வீடுகளில் ஒட்டியாணம். ஆண் இடுப்பில் கட்டினால் அதற்குக் கச்சை என்று பெயர், அவன் போருக்குப் போகிறான். தண்ணீர்க் குடத்தை இடுப்பில் தாங்கி, இன்னோர் இடுப்பில் பிள்ளையைத் தாங்கி நடந்த பெண்களின் நாட்டில்தான் இந்த உவமைகள் எழுதப்பட்டன. 'பெல்ட் போட்டால் இடுப்பு சிறுக்குமா' என்று கேட்கும் மாணவிக்குள் அந்தக் கொடியிடை இன்னும் உயிரோடிருக்கிறது. பெல்ட் இடுப்பைச் சிறுக்க வைக்காது. நன்றாகப் பயிற்சி செய்தால் வயிற்றைச் சுற்றியுள்ள தசை திரண்டு இடுப்பு கொஞ்சம் பெருக்கவும் செய்யலாம். எனக்குப் பெருத்திருக்கிறது. பழைய ரவிக்கைகளின் கீழ்க்கொக்கியை நகர்த்தித் தைக்கச் சொன்னேன்.

ஜிம்மிலும் பெல்ட்டுக்குப் பால் வேறுபாடு உண்டு. கன்னத்தில் முகப்பரு மறையாத இளைஞர்கள் ஒரு கையால் தூக்கக்கூடிய எடைக்கும் பெல்ட்டைக் கட்டிக்கொண்டு கண்ணாடி முன் நடப்பார்கள். அவர்களுக்கு அது பதக்கம். பெண்களிடம் அதே பெல்ட் எச்சரிக்கையாக வந்து சேரும். "லேடீஸ் பெல்ட் இல்லாம தூக்கக் கூடாது மேடம்" என்றார் பயிற்சியாளர். அப்போது கம்பியில் இருந்தது இருபத்தைந்து கிலோ. "தம்பி, வீட்ல கேஸ் சிலிண்டர் யார் தூக்கி வெக்கறா?" என்று கேட்டேன். அதில் 14.2 கிலோ எரிவாயு, இரும்பையும் சேர்த்தால் ஏறக்குறைய முப்பது கிலோ. அம்மாதான் என்றார், கொஞ்சம் யோசித்துவிட்டு.

மூன்றாவது கேள்விக்குத்தான் அதிக நேரம் கொடுக்க விரும்புகிறேன். அதைக் குரல் தாழ்த்திக் கேட்கிறார்கள். கேட்கவே கேட்காதவர்களும் இருக்கிறார்கள். வயிற்றுக்குள் அழுத்தம் கூடும்போது அது முதுகுப் பக்கம் மட்டும் போவதில்லை, கீழேயும் இறங்குகிறது. அங்கே கருப்பையையும் சிறுநீர்ப்பையையும் மலக்குடலையும் தாங்கி நிற்பது இடுப்புக்கூட்டின் அடியிலுள்ள தசைகள். பிரசவத்தில் அவை இழுபட்டுத் தளர்கின்றன. அவை பலவீனமாக இருக்கும்போது பெல்ட்டை இறுக்கிக்கொண்டு மூச்சைப் பிடித்து அழுத்தினால் சிறுநீர் கசியலாம், கீழே ஏதோ இறங்குவதுபோலக் கனக்கலாம். பளு தூக்கும் பெண்களிடையே சிறுநீர்க் கசிவு அரிதானதல்ல. அதைப் பற்றிப் பேசுவதுதான் அரிது. கசிந்தால் எடையைக் குறைக்க வேண்டும், பெல்ட்டைக் கழற்ற வேண்டும், பெண் மருத்துவரிடமோ பிசியோதெரபிஸ்டிடமோ காட்ட வேண்டும். அதற்கான பயிற்சிகள் இருக்கின்றன. ஆனால் முறையாகப் படிப்படியாக எடை கூட்டும் ஆரோக்கியமான பெண்ணுக்குக் கருப்பை இறங்கிவிடும் என்று பயமுறுத்துவதற்கு ஆதாரமில்லை.

அந்த ஆயாவின் சொல்லையும் மூடநம்பிக்கை என்று தள்ளிவிட மாட்டேன். அவர் கண்ணால் பார்த்ததைச் சொல்கிறார். பிள்ளை பெற்று, வயிற்றில் துணியைச் சுற்றி இறுக்கிக் கட்டிக்கொண்டு, பச்சை உடம்போடு நடவுக்கும் கட்டுச் சுமக்கவும் போன பெண்களுக்குக் கருப்பை இறங்கியது. 1961ஆம் ஆண்டின் மகப்பேறு நலச் சட்டம் பிரசவத்துக்குப் பிந்தைய ஆறு வாரங்களுக்குப் பெண்ணை வேலைக்கு வைப்பதையே தடை செய்தது. வரப்புக்கும் செங்கல் சூளைக்கும் அந்தச் சட்டம் நடந்து வந்ததில்லை. அவர்களுக்கு எடை பகையாக இருக்கவில்லை. ஓய்வும் சோறும் மருத்துவமும் இல்லாத உடம்பில் எடை ஏற்றப்பட்டதுதான் வினையானது. இதைப் பிரித்துச் சொல்லாவிட்டால் அந்த ஆயாவின் அனுபவம் பேத்தியை ஜிம் வாசலில் தடுக்கும் கம்பாக மட்டும் மிஞ்சும்.

தமிழ்நாட்டுப் பழைய பாதைகளில் சுமைதாங்கிக் கல் பார்த்திருப்பீர்கள். இரண்டு கல் நட்டு, மேலே ஒரு கல் கிடத்தியிருக்கும். தலைச்சுமைக்காரர் பிறர் உதவியின்றி இறக்கி வைக்கவும் மீண்டும் ஏற்றிக்கொள்ளவும் ஏற்ற உயரம். வயிற்றுப் பிள்ளையோடு இறந்துபோன பெண்ணின் நினைவாக அதை நிறுத்துவது வழக்கம். அவள் இறக்கி வைக்காமல் போன சுமையை ஊரார் யாராவது அங்கே இறக்கி வைத்தால் அவள் ஆன்மா ஆறும் என்ற நம்பிக்கை. செத்தபிறகு அவளுக்குக் கல் நட்ட ஊர், இருந்தபோது அவள் தலையிலிருந்து எதை இறக்கியது என்ற கேள்வி எனக்கு அந்தக் கற்களைப் பார்க்கும்போதெல்லாம் வருகிறது.

ஆண்களுக்கு வேறு கல் இருந்தது. இளவட்டக்கல். அதைத் தூக்கித் தோளுக்குப் பின்னால் போட்டவனுக்குப் பெண் கொடுப்பார்கள் என்று கதை. பாரம் தூக்குவது அவனுக்குத் தகுதி, அவளுக்குத் தலைவிதி. நெல்லை மாவட்டம் பணகுடி அருகிலுள்ள வடலிவிளையில் பொங்கல் போட்டிகளில் இப்போது பெண்களும் அந்தக் கல்லைத் தூக்குகிறார்கள். ஒலிம்பிக்கில் பளு தூக்குதல் 1896லிருந்தே இருக்கிறது. பெண்கள் 2000ஆம் ஆண்டு வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அந்த முதல் ஆண்டிலேயே சிட்னியில் ஆந்திராவின் கர்ணம் மல்லேஸ்வரி 110, 130 என மொத்தம் 240 கிலோ தூக்கி வெண்கலம் வென்றார். ஒலிம்பிக் பதக்கம் பெற்ற முதல் இந்தியப் பெண் அவர். டோக்கியோவில் வெள்ளி வென்ற மணிப்பூரின் மீராபாய் சானு, சிறுமியாக இருந்தபோது அண்ணனால் தூக்க முடியாத விறகுக் கட்டைத் தூக்கியவர். அதே கட்டைத் தூக்கி அப்படியே வீட்டுக்குப் போய் அடுப்பெரித்த பெண்கள் எத்தனை பேர் என்று கணக்கில்லை.

சரி, கட்டுவதா வேண்டாமா? நான் செய்வதைச் சொல்கிறேன். முதல் ஆறு மாதம் பெல்ட்டைத் தொடவில்லை. மூச்சை இழுத்து வயிற்றில் நிறுத்தப் பழகினேன். இன்றும் பெரும்பாலான நாட்களில் கட்டுவதில்லை. ஸ்குவாட்டிலும் டெட்லிஃப்டிலும், என்னால் இரண்டு மூன்று முறைக்குமேல் தூக்க முடியாத எடை வரும்போது மட்டும் கட்டுகிறேன். கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்புக்கும் நடுவில், மூச்சிழுக்க இடம் விட்டு. முடிந்ததும் தளர்த்திவிடுகிறேன். நான்கு அங்குலப் பட்டை குட்டையான என் உடலில் விலாவைக் குத்தியதால் மூன்று அங்குலத்தில் ஒன்று வாங்கினேன். பெரும்பாலான பெல்ட்டுகள் நீண்ட ஆண் உடலை மனத்தில் வைத்துச் செய்தவை. பளு தூக்கும் போட்டி விதி அகலம் 12 சென்டிமீட்டரைத் தாண்டக் கூடாது என்கிறதே தவிர, அத்தனை அகலம் வேண்டும் என்று சொல்லவில்லை. இரத்த அழுத்தம் உள்ளவர்கள், கர்ப்பிணிகள், புதிதாகப் பிள்ளை பெற்றவர்கள், வயிற்றில் அறுவைசிகிச்சை ஆனவர்கள் மருத்துவரைக் கேட்காமல் மூச்சைப் பிடித்துத் தூக்க வேண்டாம், பெல்ட்டோடும் சரி, இல்லாமலும் சரி. ஏற்கெனவே வலிக்கும் முதுகை மறைத்துக்கொண்டு தூக்குவதற்காக யாரும் பெல்ட் கட்ட வேண்டாம்.

மாதவிடாய் நிற்கும் வயதை நெருங்கும் பெண்ணுக்கு எலும்பு வேகமாகத் தேயத் தொடங்கும். எலும்பையும் தசையையும் காக்கும் வழிகளில் எடை தூக்குவது முக்கியமானது. நான் போவதற்குக் காரணம் அதுதான். அம்மாவை ஜிம்முக்கு அழைத்துப் போகவில்லை. வீட்டில் நாற்காலியிலிருந்து கை ஊன்றாமல் எழுந்து உட்காரச் சொல்லித் தந்தேன், நாளைக்குப் பத்து முறை. இரண்டு கையிலும் ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டில். நான்காவது வாரம் பாட்டில்களைக் கீழே வைத்துவிட்டு, "இது பத்தல பாப்பா, கொஞ்சம் கூட்டு" என்றார். எவ்வளவு கூட்டட்டும் என்று அவரிடமே கேட்டேன்.